குதிரை எங்கடை, செலவு ஆரின்ரை?

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு வருசத்தில் இரண்டு சீசன். முதலாவது படம் எடுக்கிற சீசன். மாரி மழை விட்டு, தை மாசியில் புல் பச்சையாக நிற்கும்போது குறிகட்டுவானில் படகுக்குச் சனம் வரிசையில் நிற்கும். அடுத்த நாள் எங்கள் எல்லோருடைய போனிலும் கூட்டமாக ஓடுகிற குதிரைகள் வரும். இரண்டாவது கவலைப்படுகிற சீசன். ஆடி ஆவணியில் தண்ணீர் வற்றியதும், விலா எலும்பு தெரிகிற பெட்டைக் குதிரையும் பக்கத்தில் விழுந்து கிடக்கிற குட்டியும் அதே போனில் வரும். கீழே "எங்கள் மண்ணின் அடையாளம் அழிகிறது", "அதிகாரிகள் நித்திரையா?" என்று நூறு கொமென்ட். ஐப்பசியில் மழை பெய்யும். எல்லாருக்கும் நிம்மதி. குதிரை மறந்துபோகும்.

'எங்கள் குதிரைகள்' என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் ஒரு குதிரையை 'என்ரை' என்று சொல்லுகிற ஆள் அதற்காக நாளுக்கு நாள் என்னென்ன செய்யவேண்டும் என்று பார்த்தால், நாங்கள் அந்தச் சொல்லை எவ்வளவு மலிவாகப் பாவிக்கிறோம் என்று விளங்கும். ஆகவே முதலில் ஒரு சொந்தக் குதிரைக்குக் கணக்கு எழுதுவோம். பிறகு அதே கொப்பியோடு நெடுந்தீவுக்குப் போவோம்.

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற நேரம், ரியூசனுக்குப் போக வழியில்லாமல் பெடியள் அடிச்ச பகிடி ஒன்று ஞாபகம்: "மச்சான், பேசாமல் ஒரு குதிரை வாங்குவம். அது புல்லைத் திண்டிட்டு ஓடும்." எங்கள் பெரியப்பா சவாரி மாடு வளர்க்கிறவர். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. "வாங்கிற காசை விடு பிள்ளை. வச்சிருக்கிற காசு இருக்கோ?" என்று கேட்டார். அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. புண்ணாக்கு, தவிடு, உழுத்தங்கோது, வைக்கல், முட்டை, நல்லெண்ணெய், லாடம், மருந்து எல்லாம் திகதியோடு இருக்கும். சவாரியில் வென்ற காசும் இருக்கும், அது ஒரு பக்கம்கூட வராது. மற்றப் பக்கமெல்லாம் செலவு. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று சொல்வார்கள். மாடும் குதிரையும் நாங்கள் நித்திரை கொள்ளும்போதும் தின்னும்.

கீழே நான் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. இந்த நாட்டில் இன்றைக்கு எழுதுகிற விலை வாசிக்கிற நாளில் பிழையாகிவிடும். ஆனால் குதிரையின் வயிற்றின் அளவு மத்திய வங்கியைக் கேட்டு மாறுவதில்லை. அளவை எழுதுகிறேன், விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்டுப் பெருக்கிக் கொள்ளுங்கள்.

ஒரு குதிரை தன் உடல் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த தீனியை ஒவ்வொரு நாளும் தின்ன வேண்டும். 500 கிலோக் குதிரை என்றால் நாளுக்கு 10 கிலோ. அதுவும் ஒரே தரத்தில் போட்டுவிட்டு வேலைக்குப் போக ஏலாது. மாட்டைப்போல நாலு அறை வயிறு அதற்கு இல்லை, அசை போடாது. உடம்பின் அளவுக்கு இரைப்பை சின்னது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, விட்டால் ஒரு நாளில் 16 மணித்தியாலம்வரை, மேய்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் நாளுக்கு 30 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும், எங்கள் வெயிலில் இன்னும் கூட. பால் கொடுக்கிற பெட்டைக் குதிரைக்கு அதைவிடவும் கூட. உப்புக் கட்டி வைக்க வேண்டும், வியர்வையோடு அவ்வளவு உப்பு போகும்.

இது சாப்பாடு மட்டும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்ட வளரும். ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்கு ஒருக்கா வெட்டிச் சீராக்க வேண்டும், லாடம் அடித்த குதிரை என்றால் கழற்றி மாற்ற வேண்டும். பல்லும் தேயத் தேய மேலே வந்துகொண்டிருக்கும். ஓரம் கூராகி கன்னத்தைக் கிழிக்கத் தொடங்கினால் தீனி வாயிலிருந்து விழும், ஆகவே வருசத்துக்கு ஒருமுறை ஆள் பிடித்து அராவ வேண்டும். பூச்சி மருந்து, ஏற்புவலித் தடுப்பூசி. பிறகு திடீர்ச் செலவு. குதிரையால் வாந்தி எடுக்க ஏலாது. உள்ளே போனது பிழைத்தால் மேலால் வர வழியில்லை, வயிற்றுக்குத்து வந்து விழுந்து உருளும். சில மணித்தியாலத்துக்குள் மிருக வைத்தியர் வராவிட்டால் செத்தும் போகலாம். அந்த இரவுக்கு என்று ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். இதற்கு மேல் கொட்டில், காவல், பராமரிக்கிற ஆளின் சம்பளம்.

கணக்கில் எல்லாரும் விடுகிற வரி கடைசி வரி. நன்றாகப் பார்த்தால் ஒரு குதிரை 25 தொடக்கம் 30 வருசம் இருக்கும். ஓடுகிற வயது, ஆள் ஏற்றுகிற வயது அதற்கு முன்னமே முடிந்துவிடும். மிச்ச வருசங்களுக்கு உழைப்பு இல்லை, ஆனால் 10 கிலோ தீனி அப்படியே. குதிரைக்குப் பென்சன் கொடுப்பது சொந்தக்காரர்தான். நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் பிள்ளையளை ஏற்றிக்கொண்டு நடக்கிற குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் சீசனில் அது உழைக்கும். 2020இல் ஊரடங்கு போட்டபோது உல்லாசப் பயணி ஒருத்தரும் இல்லை. குதிரைக்கு ஊரடங்கு தெரியாது, அது காலமை எழும்பி வழமைபோலத் தின்னத்தான் நிற்கும். அந்த மாதங்களில் ஒருவர் தன் குதிரைக்குத் தீனி போட்டிருந்தால், அவருக்கு 'என்ரை குதிரை' என்று சொல்ல முழு உரிமை இருக்கிறது.

இப்போது நெடுந்தீவு.

அங்கேயும் ஒருகாலத்தில் கணக்குக் கொப்பி இருந்தது. போர்த்துக்கேயர் குதிரை கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் லாயம் கட்டிப் பெருக்கினார்கள், ஆங்கிலேயர் தொடர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரியின் பொறுப்பில் குதிரை வளர்ப்பு நடந்தது. லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன, போகிற எல்லாரும் அதில் சாய்ந்து படம் எடுக்கிறோம். அந்தத் தூண்களைக் கட்டியவர்கள் மிருகாபிமானத்தில் கட்டவில்லை. படைக்கும் போக்குவரத்துக்கும் குதிரை தேவைப்பட்டது, தேவைப்பட்டதால் தீனியும் தண்ணீரும் ஆளும் செலவுப் பட்டியலில் இருந்தன. தேவை முடிந்தது. கொப்பியை மூடினார்கள். குதிரையை மூட முடியாதே, அது தீவில் நின்றுவிட்டது. இன்றைக்கு அந்தக் குதிரைகள் காட்டு மிருகமும் இல்லை, வீட்டு மிருகமும் இல்லை. எங்கள் ஊர்ச் சொல்லில் கட்டாக்காலி.

கட்டாக்காலி மாட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. பிரதேச சபை பிடித்துக் கட்டினால், சொந்தக்காரர் வந்து தண்டமும் கட்டி வைத்திருந்த நாட்களின் பராமரிப்புக் காசும் கட்டி அவிழ்த்துக்கொண்டு போவார். சத்தம் போட்டுக்கொண்டுதான் கட்டுவார், ஆனால் கட்டுவார். நெடுந்தீவுக் குதிரையைப் பிடித்துக் கட்டினால் யார் வருவார்கள்? அந்த நூறு கொமென்ட் போட்டவர்களில் ஒருவர்?

மன்னாரில் கழுதைகளுக்கும் இதே கதைதான். பொதி சுமந்த காலத்தில் அதற்கு வீடு இருந்தது. லொறி வந்தது, கழுதை தெருவுக்கு வந்தது. அங்கே பிறகு கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். தொடங்கிய நேரம் சனம் சிரித்திருக்கும். ஆனால் ஒரு கட்டடம், ஒரு ஆள், ஒரு மருந்து அலுமாரி இருக்கிற இடத்தில், தெருவில் அடிபட்ட கழுதை யாருடைய வேலை என்ற கேள்விக்குப் பாதிப் பதிலாவது கிடைக்கும்.

கணக்குக்கு வருவோம். நெடுந்தீவுக் குதிரை சின்னது, பொனி அளவு. ஒன்று 250 கிலோ என்று வைப்போம், தீவில் 500 குதிரை என்று வைப்போம். இரண்டும் பெருக்குவதற்காக நான் எடுத்த எண்கள், உண்மை எண் வந்ததும் மாற்றிக் கொள்ளலாம்.

முதலில் தண்ணீர். ஒரு குதிரைக்கு நாளுக்கு 20 லீற்றர் என்றால் 500க்கு 10,000 லீற்றர். கடும் வறட்சி 90 நாள் என்றால் 9 இலட்சம் லீற்றர். எழுதும்போது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 9 இலட்சம் லீற்றர் என்பது 30 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழமான ஒரு பள்ளத்துத் தண்ணீர். ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு மூலை. வெயிலில் ஆவியாகும், சுண்ணக்கல்லுக்குள்ளே இறங்கும், மாடும் ஆடும் குடிக்கும். மூன்று மடங்கு என்று வையுங்கள், நாலு மடங்கு என்று வையுங்கள். அப்போதும் அது நாலு குளம். தீவில் இருக்கிற குளங்களையும் கேணிகளையும் மழைக்கு முன்னம் தூர்வாரி, கரை உயர்த்தினால் வருகிற அளவு. கண்டபடி ஆழமாக்கவும் ஏலாது. அந்தத் தீவில் நன்னீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிசாக மிதக்கிறது, பெக்கோவைக் கொண்டுபோய் ஆசைக்குத் தோண்டினால் உப்புத்தான் வரும். அகலமாக, ஆழமில்லாமல், பலவாக வேண்டும். இது தெரிந்த ஆட்கள் தீவிலேயே இருக்கிறார்கள்.

ஆக, தண்ணீர் காசால் தீர்க்கக்கூடிய பிரச்சினை. ஆனால் எந்த மாதத்துக் காசு என்பது முக்கியம். நாங்கள் செலவழிப்பது ஆவணியில், பவுசருக்கு. செலவழிக்க வேண்டியது அதற்கு முந்தின புரட்டாதியில், மண்வெட்டிக்கு. பவுசர் தண்ணீர் கொடுப்பதைப் படம் எடுக்கலாம், பேப்பரில் வரும். தூர்வாரின குளம் முதல் மழைவரைக்கும் வெறும் பள்ளம், அதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. எங்கள் நிவாரணங்கள் பிந்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்தது தீனி. இங்கேதான் கணக்கு ஒரு பெரிய விசயத்தைக் காட்டுகிறது. ஒரு குதிரைக்கு 5 கிலோ, 500க்கு நாளுக்கு 2,500 கிலோ. 90 நாளைக்கு 225 தொன். நெடுந்தீவுக்குப் போகிற ஒவ்வொரு மூடையும் குறிகட்டுவானில் ஏற்றி, கடலில் ஒரு மணித்தியாலம் போய், அங்கே இறக்க வேண்டும். சீமெந்துக்கும் அரிசிக்குமே அந்தக் கூலியால் தீவில் விலை வேறு. 225 தொன் வைக்கலை யார் படகில் ஏற்றப்போகிறார்கள்? ஒருவரும் இல்லை. யாராவது ஒரு அமைப்பு 50 மூடை கொண்டுபோய் இறக்கினால் அது நல்ல மனசு, கணக்கில் அது ஒரு நாளைக்கும் காணாது.

தீனியை வாங்க முடியாது என்றால் அது நிலத்தில் இருந்துதான் வரவேண்டும். 2015இல் நெடுந்தீவின் 1,846 ஹெக்ரேயர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அது முழுக்கப் புல் என்று வைத்தாலும் 500 குதிரைக்கு ஆளுக்கு 3.7 ஹெக்ரேயர் வரும், எங்கள் கணக்கில் 146 பரப்பு. கேட்கப் பெரிசு. ஆனால் அங்கே மண் ஒரு சாண், கீழே முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும். மழைக்குப் பிறகு வருகிற புல் ஆனி மாதத்தில் வைரித்துக் காய்ந்துவிடும். அதே புல்லில் தீவுச் சனத்தின் மாடும் ஆடும் மேய்கின்றன. குட்டையாகிப்போன புல்லைக் கறண்டித் தின்னும்போது மண்ணும் வயிற்றுக்குள் போகும், குதிரைக்கு அதுவே வயிற்றுக்குத்து. ஆகவே சாகிற குதிரை எல்லாம் தாகத்தில் சாவதில்லை. அதற்குப் பவுசர் மருந்தும் இல்லை. இவ்வளவு புல் எத்தனை வாய்க்குக் காணும் என்ற கேள்வியை ஒரு நாள் கேட்டே ஆகவேண்டும். கேட்டால் அடுத்த கேள்வி, எண்ணிக்கையை என்ன செய்வது?

இதில் எங்களுக்கு முன்னமே இறங்கின ஒரு இடம் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அசற்றீக் என்று ஒரு நீளமான மணல் தீவு. அங்கேயும் பொனி அளவுக் குதிரைகள், அங்கேயும் எந்தக் கப்பலில் வந்தது என்று ஆளுக்கொரு கதை. தீவு இரண்டு மாநிலங்களுக்குள் கிடக்கிறது, எல்லையில் வேலி. வடக்கே மேரிலாண்ட் பக்கத்தில் குதிரைகள் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பு. பெட்டைக் குதிரைகளுக்குத் தூரத்தில் நின்று கருத்தடை மருந்தை ஊசியாகச் சுட்டுக் கூட்டத்தைக் குறைத்தார்கள், 80க்கும் 100க்கும் இடையில் வைத்திருப்பதுதான் இலக்கு. தெற்கே வேர்ஜீனியா பக்கத்தில் குதிரைகளின் சொந்தக்காரர் ஷிங்கற்றீக் என்ற சின்ன ஊரின் தொண்டர் தீயணைப்புப் படை. பகிடி இல்லை. 1920களிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் குதிரைகளைக் கால்வாயில் நீந்தவிட்டு ஊருக்குள் கொண்டுவந்து, குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். அந்தக் காசு தீயணைப்பு வண்டிக்கும் குதிரைகளின் மருந்துக்கும் போகிறது. வளர்ந்த குதிரை 150க்கு மேல் வைத்திருக்க அவர்களின் மேய்ச்சல் அனுமதி விடாது. ஏலத்தில் இன்னொரு வகையும் இருக்கிறது: சில குட்டிகளை வாங்கிறவர் காசைக் கட்டுவார், பெயர் வைப்பார், ஆனால் குட்டி திரும்பத் தீவுக்கே போய்விடும்.

இரண்டு பக்கத்திலும் எனக்குச் சங்கடமான விசயங்கள் இருக்கின்றன. குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து ஏலத்தில் விடுவதைப் பார்க்க எனக்கு மனம் வராது. அதுவும் எங்கள் நாட்டில் அப்படி விற்றால் அந்தக் குட்டி எங்கே போய் முடியும், மேலே எழுதின 25 வருசக் கணக்கை வாங்கிறவர் எழுதிப் பார்த்திருப்பாரா என்று நினைத்தாலே போதும். ஆனால் ஒரு விசயத்தில் இரண்டு பக்கமும் எங்களைவிட மேல். அந்தத் தீவில் எந்தக் குதிரையைக் காட்டிக் கேட்டாலும், இதற்குச் செலவு யார், எத்தனை வரைக்கும் என்பதற்குப் பதில் இருக்கிறது.

திருப்பி வாங்கிற அந்த யோசனையை மட்டும் கொஞ்சம் கடன் வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். நெடுந்தீவார் கனடாவிலும் லண்டனிலும் எவ்வளவு பேர் இருக்கிறார்கள். கோயில் தேருக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் காசு வருகிறது. 'உங்கள் பெயரில் ஒரு குதிரை, அது தீவிலேயே நிற்கும், வருசத்துக்கு இவ்வளவு' என்றால் வராதா? வரும். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, பிடரி மயிர் பறக்கிற வெள்ளைக் குதிரைக்கு நாற்பது பேர் காசு கட்டுவார்கள், சொறி பிடிச்ச கிழட்டுப் பெட்டைக்கு ஒருவரும் கட்டமாட்டார்கள். ஆகவே குதிரைக்கு என்று இல்லாமல் குளத்துக்கு என்று வாங்கவேண்டும். எங்கள் ஊர்களில் இதற்குப் பழைய முன்மாதிரி இருக்கிறது. தெருவோரத்தில் கேணியும், பக்கத்தில் மாடு குடிக்கத் தொட்டியும், உரஞ்ச ஆவுரஞ்சிக் கல்லும் யாரோ ஒருவர் தன் காசில், செத்துப்போன யாரோ ஒருவரின் பெயரில் செய்து விட்டதுதானே. குடிக்க வந்த மாடு ஆரின்ரை என்று அந்தத் தொட்டி கேட்டதில்லை.

இரண்டாவது வருமானம் நாங்கள். தீவில் இறங்கியதும் ஓட்டோவோ வானோ பிடிக்கிறோம். பெருக்குமரம், கோட்டை, புறாக்கூடு, குதிரை என்று ஒரு சுற்று. அந்தச் சுற்றில் குதிரை ஒரு இடம், அதாவது அது உழைக்கிறது. அந்த உழைப்பில் ஒரு சதமும் அதன் தண்ணீருக்குப் போவதாக யாரும் எங்களிடம் சொல்வதில்லை. இறங்குதுறையில் தலைக்கு ஒரு சோடாவின் விலையை வாங்கி, அதை எழுதி ஒட்டி, செலவையும் அதே பலகையில் எழுதினால் நான் சந்தோசமாகக் கட்டுவேன். தீவுச் சனத்திடம் வாங்கக் கூடாது. அவர்கள் ஏற்கெனவே புல்லால் கட்டுகிறார்கள்.

இதைச் சொல்லும்போது தீவு ஆட்களின் பக்கத்தையும் சொல்லவேண்டும். என் வகுப்பில் நெடுந்தீவைச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். இந்தக் கட்டுரையைப் பற்றிக் கதைத்தபோது அவள் கேட்டாள்: "எங்கட அம்மா வெயிலுக்கை குடத்தோட தண்ணிக்கு நிண்ட நேரம் நீங்கள் ஒருதரும் கொமென்ட் போடேல்லையே?" இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். குதிரைக்குக் குடிக்கத் தேவை மழைநீர் தேங்குகிற குளம், சனத்துக்குத் தேவை குடிதண்ணீர்க் குழாய். இரண்டும் ஒரே வாளியில் இருந்து எடுக்கவேண்டியது இல்லை. குளம் நிரம்பி நின்றால் பக்கத்துக் கிணறும் கொஞ்சம் தாங்கும், மாடும் அதில்தான் குடிக்கும். குதிரைக்கு ஒதுக்குகிற காசு சனத்தின் காசைத் தின்னும் என்று வந்தால், அவளின் அம்மாதான் முதல்.

"அது காட்டு மிருகம், இயற்கை பார்த்துக்கொள்ளும், விடுங்கள்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இயற்கையான இடத்தில் குதிரை புல் தேடி நூறு மைல் நடக்கும். இங்கே கொஞ்சத் தூரம் நடந்தால் கடல். மனிசர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கி, வேலை வாங்கி, விட்டுவிட்டுப் போன மிருகத்தை இயற்கையின் தலையில் கட்டுவதும் ஒரு விதமான வரவு செலவுத் திட்டம்தான். எங்கள் பக்கத்தில் பூச்சியம், மிச்சம் முழுக்கக் குட்டிகளின் கணக்கில்.

நான் இதில் எந்தத் திணைக்களத்தையும் தனியாகக் குறை சொல்ல வரவில்லை. பூங்கா வனசீவராசிகளின் பக்கம், நோய் கால்நடை வைத்தியரின் பக்கம், தெருவில் நின்றால் பிரதேச சபையின் பக்கம், படம் எடுத்தால் சுற்றுலாவின் பக்கம். நாலு பேருக்குப் பொதுவான குதிரைக்கு நாலு பேரும் தீனி போடமாட்டார்கள், மற்றவர் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரியப்பாவின் கொப்பியைப்போல ஒரே ஒரு கொப்பி, பிரதேச செயலகத்தில், வரவும் செலவும் எழுதினபடி, யாரும் போய்ப் பார்க்கக்கூடியதாக இருந்தால் நான் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்வேன்.

அந்தக் கொப்பியின் முதல் வரியில் என்னுடைய கற்பனை 500 இருக்கக் கூடாது. ஆண், பெட்டை, குட்டி என்று பிரித்து எண்ணின எண் இருக்கவேண்டும், வருசத்துக்கு ஒருமுறை அதே மாதத்தில் எண்ணினது. இதற்குப் பெரிய செலவு இல்லை. எங்கள் பீடத்தில் புவியியல் படிக்கிற ஒரு பிரிவு, மிருக வைத்தியர் ஒருவர், வழிகாட்டத் தீவுப் பெடியள் நாலு பேர், தங்க ஒரு பள்ளிக்கூட மண்டபம், ஒரு கிழமை. களப்பயணம் என்று வருசா வருசம் எங்கேயோ போய் வருகிறோம்தானே. போவதென்றால் ஆவணியில் போகவேண்டும். வறட்சியில்தான் அவை மிஞ்சி இருக்கிற இரண்டு மூன்று தண்ணீருக்கும் கூட்டமாக வரும், கரையில் இருந்து எண்ணலாம். ஐப்பசி மழை விழுந்தால் தீவு முழுக்கச் சிதறிப் போய்விடும், பிறகு எண்ண ஏலாது.